லோடாஷா, ஒற்றை ஃபங்ஷன் பேக்கேஜா, சொந்தக் கோப்பா, மொழியே போதுமா?

ஜாவாஸ்கிரிப்டில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்குபவர்களும், பிறர் எழுதிய பழைய திட்டத்தைப் பொறுப்பேற்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பட்டியலை வகைபிரிக்க வேண்டும். ஒரு ஆப்ஜெக்டை உள்ளடுக்குகள் வரை படியெடுக்க வேண்டும். தேடல் பெட்டியில் தட்டச்சு நின்ற பிறகுதான் சர்வருக்குக் கோரிக்கை போக வேண்டும். இப்படிப்பட்ட சிறு வேலைகளுக்காக பல பயன்பாட்டு ஃபங்ஷன்களை ஒன்றாகத் தரும் லோடாஷ் போன்ற பெரிய தொகுப்பைச் சேர்ப்பதா, அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் குட்டிப் பேக்கேஜை, பொதுப் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுப்பதா, நாமே எழுதி ஒரு கோப்பில் வைத்துக்கொள்வதா, அல்லது மொழியிலேயே இப்போது இருப்பதைக் கொண்டு முடித்துவிடுவதா?

கேட்பவர்கள் பெரும்பாலும் திட்டம் முழுமைக்கும் ஒரே விடையை எதிர்பார்க்கிறார்கள். லோடாஷை வைத்துக்கொள்ளலாம் அல்லது தூக்கிவிடலாம் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் இந்த முடிவைத் திட்டத்துக்கு ஒன்றாக எடுக்க முடியாது, ஃபங்ஷனுக்கு ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களை நான் வைத்துக்கொள்கிறேன். முதலாவது, வழக்கத்துக்கு மாறான உள்ளீடு வரும்போதும் ஃபங்ஷன் சரியாக நடக்கிறதா என்பது. காலிப் பட்டியல், மதிப்பு இல்லை என்று குறிக்கும் ‘நல்’, தன்னையே சுட்டும் ஆப்ஜெக்ட், ஆங்கிலம் அல்லாத எழுத்து ஆகியவை வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பயனரின் உலாவிக்குப் போய்ச் சேரும் எடை. இது முகப்பு நிரலுக்கு முக்கியம், சர்வரில் மட்டும் ஓடும் நிரலுக்கு ஏறக்குறையப் பொருட்டே இல்லை. மூன்றாவது, பராமரிப்பு: பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அதைத் திருத்தப் போவது யார், எவ்வளவு நாளில்?

நான்காவதாக நான் வைப்பது நம்பிக்கை. ஒரு பேக்கேஜைச் சேர்க்கிறோம் என்றால், அதை வெளியிடும் உரிமை பெற்ற ஒவ்வொருவரும் நாளை நம் கணினியிலும் நம் பயனரின் உலாவியிலும் தாம் விரும்பியதை ஓட்ட நாம் அனுமதி கொடுக்கிறோம் என்று பொருள். ஐந்தாவது, விலகும் செலவு: இரண்டு ஆண்டு கழித்து இது வேண்டாம் என்று தோன்றினால், நிரலின் எத்தனை இடங்களில் கைவைக்க வேண்டியிருக்கும்?

வேகத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒவ்வொரு லைப்ரரியும் தன் முகப்புப் பக்கத்தில் வேக ஒப்பீட்டுப் படம் வைத்திருக்கிறது. ஆனால் சாதாரண இணையச் செயலி ஒன்றில் ஒரு பட்டியலை வகைபிரிக்க ஆகும் நேரம், அந்தப் பட்டியல் சர்வரிலிருந்து வந்து சேரும் நேரத்தின் முன் கண்ணுக்கே தெரியாது. லட்சக்கணக்கான வரிசைகளைக் கையாளுபவர்கள் தங்கள் தரவை வைத்துத் தாங்களே அளந்துகொள்வதுதான் சரி.

## மொழியில் இருப்பதே

பத்தாண்டுக்கு முன்பு லோடாஷ் இல்லாமல் காலம் தள்ளுவது கடினமாக இருந்ததற்குக் காரணம் மொழியின் வறுமை. அந்த வறுமை இப்போது பெருமளவு நீங்கிவிட்டது. எழுத்துச் சரத்தின் முன்னால் இடைவெளி நிரப்பும் பேட்ஸ்டார்ட் 2017ஆம் ஆண்டின் தரத்தில் வந்தது. பட்டியலுக்குள் பட்டியலாக இருப்பதை ஒரே பட்டியலாக்கும் ஃப்ளாட் 2019இல் வந்தது. ஆழத்தில் உள்ள புலத்தைத் தடுக்கி விழாமல் எட்டிப் பார்க்க உதவும் கேள்விக்குறி-புள்ளிக் குறியும், மதிப்பு இல்லாத இடத்தில் மாற்று மதிப்பு தரும் இரட்டைக் கேள்விக்குறியும் 2020இல் வந்தன. மூலப் பட்டியலைக் கலைக்காமல் வரிசைப்படுத்தும் டுசார்ட்டட் 2023இலும், வகைபிரிக்கும் ஆப்ஜெக்ட்.குரூப்பை 2024இலும் தரத்தில் சேர்ந்தன. ஆழப் படியெடுக்கும் ஸ்ட்ரக்சர்டு-குளோன், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் 17ஆம் பதிப்பு முதலும் 2022 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைக்கிறது.

இவற்றுக்கு எடை இல்லை, பராமரிப்பு நம் தலையில் இல்லை, புதிதாக யாரையும் நம்ப வேண்டியதும் இல்லை. ஐந்து அளவுகோல்களில் நான்கில் முதலிடம் இதற்குத்தான். மறைந்திருக்கும் செலவு முதல் அளவுகோலில் இருக்கிறது. லோடாஷின் ஃபங்ஷனும் மொழியின் ஃபங்ஷனும் பெயரில் ஒன்றுபோல இருந்தாலும் நடத்தையில் ஒன்றல்ல.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விலைப்பட்டியல் செயலியில் லோடாஷின் ‘கெட்’ ஃபங்ஷனை எல்லா இடங்களிலும் நீக்கி, கேள்விக்குறி-புள்ளியும் இரட்டைக் கேள்விக்குறியும் போட்டு எழுதினோம். நூற்றுக்கணக்கான வரிகள், எல்லாச் சோதனைகளும் தேறின. அந்தச் செயலியில் தள்ளுபடி என்ற புலத்தில் 0 என்றால் தள்ளுபடி கிடையாது என்றும், ‘நல்’ என்றால் மேலாளர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் பொருள். லோடாஷின் கெட், மதிப்பே தரப்படாத ‘அன்டிஃபைன்ட்’ ஆக இருந்தால் மட்டுமே மாற்று மதிப்பைத் தரும். ‘நல்’ இருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். இரட்டைக் கேள்விக்குறியோ இரண்டையும் ஒன்றாகவே கருதி மாற்று மதிப்பான 0ஐக் கொடுத்துவிடும். விளைவு, முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய விலைப்பட்டியல்கள் எல்லாம் தள்ளுபடி இல்லை என்ற கணக்கில் தாமாகவே மூடிக்கொண்டன. எந்த இடத்திலும் பிழைச்செய்தி வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்த பிறகே தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

இதுபோன்ற வேறுபாடுகள் இன்னும் உண்டு. ‘நல்’ மதிப்பின் மீது லோடாஷின் மேப்பை ஓட்டினால் காலிப் பட்டியல் கிடைக்கும். மொழியின் மேப்பை அழைத்தால் நிரல் விழுந்துவிடும். மொழியின் சார்ட், வேறொன்றும் சொல்லாவிட்டால் எண்களையும் எழுத்தாக்கித்தான் ஒப்பிடும் என்பதால் 10, 9, 1 என்ற பட்டியல் 1, 10, 9 என்று வரிசையாகும். லோடாஷின் சார்ட்பை எண்களை எண்களாகவே பார்க்கும். ஸ்ட்ரக்சர்டு-குளோன், ஆப்ஜெக்டுக்குள் ஃபங்ஷன் ஒன்று இருந்தால் பிழை எறியும், கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்டைப் படியெடுத்தால் அதன் கிளாஸ் தொடர்பை இழந்துவிடும். லோடாஷின் குளோன்டீப் அந்தத் தொடர்பைக் காப்பாற்றித் தரும்.

புதிய திட்டம் என்றால் முதலில் இங்கேதான் தேட வேண்டும். பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட வரி எதுவும் அதில் இல்லாததால் மேலே சொன்ன தொல்லையும் இல்லை. பழைய உலாவிகளை ஆதரிக்கும் கட்டாயம் இருந்தால் மட்டும் ஆப்ஜெக்ட்.குரூப்பை போன்ற அண்மைய வரவுகளுக்கு மாற்று நிரல் சேர்க்க வேண்டியிருக்கும்.

## லோடாஷ்

ஜெரமி அஷ்கெனாஸ் 2009இல் வெளியிட்ட அண்டர்ஸ்கோரிலிருந்து கிளைத்து, ஜான்-டேவிட் டால்டன் 2012இல் தொடங்கியது லோடாஷ். அதன் நான்காம் பெரும் பதிப்பு 2016 ஜனவரியில் வந்தது. அதே வரிசைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக உலகெங்கும் கோடிக்கணக்கான செயலிகளில் அடிபட்டுத் தேர்ந்த நிரல் என்பது அதன் முதல் சிறப்பு. அடுத்தடுத்து வரும் அழைப்புகள் ஓயும்வரை வேலையைத் தள்ளிப்போடும் டிபவுன்ஸ், குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை மட்டும் வேலையை ஓடவிடும் த்ராட்டில், ஆழப் படியெடுக்கும் குளோன்டீப், ஆழமாக ஒப்பிடும் இஸ்ஈக்வல், ஆழமாக இணைக்கும் மெர்ஜ் ஆகிய ஐந்துக்கும் மொழியில் முழு ஈடு இன்னும் இல்லை, அல்லது இருந்தும் போதவில்லை. மேலோட்டமாக எளிமையாகத் தெரிந்து, உள்ளே இறங்கினால் முடிவே இல்லாமல் போகும் வேலைகள் இவை. இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்: தேதிகள், மேப், செட், தன்னைத்தானே சுட்டும் ஆப்ஜெக்ட், எண் அல்லாத எண்ணான ‘நான்’ மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி வேண்டும். அவ்வளவையும் இஸ்ஈக்வல் கவனித்திருக்கிறது.

எடைதான் இதன் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. முழு லோடாஷும் சுருக்கிய வடிவில் சுமார் 70 கிலோபைட், ஜிசிப் முறையில் மேலும் அழுத்திய பிறகு சுமார் 25 கிலோபைட். ஒரே ஒரு டிபவுன்ஸுக்காக முழுத் தொகுப்பையும் இறக்குமதி செய்யும் வரியை இன்றும் பல திட்டங்களில் பார்க்கிறேன். வேண்டிய ஃபங்ஷனின் கோப்பை மட்டும் அதன் பாதையைக் குறிப்பிட்டு இறக்குமதி செய்தால், அல்லது மொழியின் தர இறக்குமதி முறையான இஎஸ் மாட்யூல் வடிவில் இருக்கும் லோடாஷ்-இஎஸ்ஸைப் பயன்படுத்தினால் இந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஒவ்வொரு ஃபங்ஷனும் தனிப் பேக்கேஜாகக் கிடைத்த பழைய வழியை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்தப் பேக்கேஜ்கள் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல், முதன்மைத் தொகுப்பில் செய்த திருத்தங்கள் போய்ச் சேராமல் தேங்கிவிட்டன.

எடையை விட நான் கவலைப்படுவது பராமரிப்பைப் பற்றி. 4.17.21 என்ற பதிப்பு 2021 பிப்ரவரியில் வந்த பிறகு பல ஆண்டுகள் அடுத்த வெளியீடு இல்லை. முடிந்துபோன லைப்ரரியில் மாற்றம் வராமல் இருப்பது குறையல்ல என்று வாதிடலாம். பாதியளவு அந்த வாதத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்புப் பிழைகள் அப்படி முடிந்துபோவதில்லை. 2019இல் டிஃபால்ட்ஸ்டீப் ஃபங்ஷனில் கண்டுபிடிக்கப்பட்ட பிழை ஒன்றில், வெளியிலிருந்து வரும் தரவில் குறிப்பிட்ட பெயருள்ள புலத்தை வைத்து அனுப்பினால், நிரலில் உள்ள எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் பொதுவான மூல முன்வடிவத்தையே தாக்குபவர் மாற்றிவிட முடிந்தது. 4.17.12 பதிப்பில் அது திருத்தப்பட்டது. பயனர் அனுப்பும் தரவை மெர்ஜ், டிஃபால்ட்ஸ்டீப் போன்ற ஃபங்ஷன்களுக்குள் நேரடியாக விடக்கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் குழுவில் எழுதப்பட்ட விதி.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு, பழக்கத்தால் வருவது. லோடாஷ் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், மொழியிலேயே இருக்கும் மேப், ஃபில்டர் போன்றவற்றுக்கும் கை அதையே தேடிப் போகும். மூன்று ஃபங்ஷனுக்காக வந்தது முப்பது ஃபங்ஷனாகிவிடும், விலகும் செலவும் அந்த அளவுக்கு ஏறும். இறக்குமதி செய்யக்கூடியவை இவை மட்டுமே என்று, நிரலைச் சரிபார்க்கும் கருவியான ஈஎஸ்லின்ட்டில் ஒரு விதி எழுதி வைத்தால் இது கட்டுக்குள் நிற்கும்.

### இதன் இளைய மாற்று

தென்கொரிய நிதிச்சேவை நிறுவனமான டாஸ் 2024இல் வெளியிட்ட இஎஸ்-டூல்கிட், லோடாஷ் செய்யும் வேலைகளையே இன்றைய ஜாவாஸ்கிரிப்டில், மதிப்புகளின் வகையைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் வகைகளுடன், மிகச் சிறிய அளவில் செய்கிறது. லோடாஷின் நடத்தையை அப்படியே பின்பற்றும் நோக்கத்துடன் ‘காம்பாட்’ என்ற தனிப் பகுதியும் அதில் இருக்கிறது. புதிய திட்டத்துக்கு இன்று ஒரு தொகுப்புதான் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காம்பாட் அல்லாத முதன்மைப் பகுதி, லோடாஷ் பொறுத்துக்கொள்ளும் விசித்திர உள்ளீடுகளை வேண்டுமென்றே பொறுத்துக்கொள்வதில்லை. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் சிக்கல் இல்லை.

## ஒற்றை ஃபங்ஷன் பேக்கேஜ்கள்

ஒரு பேக்கேஜில் ஒரே ஃபங்ஷன், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எடை குறைவு, ஒவ்வொன்றும் தனியாகச் சோதிக்கப்பட்டது. என்பிஎம்மின் தொடக்க ஆண்டுகளில் இந்த அணுகுமுறையை நானும் பெரிதும் விரும்பினேன். அதைப் பெரும்பாலும் கைவிட வைத்தவை அடுத்தடுத்து நடந்த நிகழ்ச்சிகள்.

2016 மார்ச் 22 அன்று, பெயர் உரிமை பற்றிய தகராறு ஒன்றில் மனம் வெறுத்த ஒரு நிரலாளர் தம் பேக்கேஜ்கள் அனைத்தையும் என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அவற்றுள் லெஃப்ட்-பேட் என்பதும் ஒன்று. எழுத்துச் சரத்தின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வெறும் 11 வரி நிரல் அது. பழைய உலாவிகளுக்காக நிரலை மாற்றித் தரும் பேபல் போன்ற பெரிய கருவிகள், தாம் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் (சார்புகளின்) வழியாக அதை நம்பியிருந்ததால், லெஃப்ட்-பேட் என்ற பெயரையே கேட்டிராதவர்களின் திட்டங்கள் உலகெங்கும் கட்டமைக்க முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டு வைத்தது. பிறர் சார்ந்திருக்கும் பேக்கேஜை நினைத்தபோது நீக்குவதற்குப் பின்னர் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. அதனால் இன்று நீக்கம் பெரிய ஆபத்து அல்ல.

புதிய பதிப்பு வெளியாவதுதான் ஆபத்து. 2020 ஏப்ரலில், ஒரு மதிப்பு, பின்னால் வரவிருக்கும் விடையைக் குறிக்கும் பிராமிஸா என்று மட்டும் சொல்லும் இஸ்-பிராமிஸ் என்ற சிறு பேக்கேஜுக்கு நல்லெண்ணத்தோடு இஎஸ் மாட்யூல் ஆதரவு சேர்க்கப்பட்டது. அந்த வெளியீட்டில் இருந்த தவறால் கிரியேட்-ரியாக்ட்-ஆப் உள்ளிட்ட கருவிகள் உடைந்தன. அங்கே தீய நோக்கம் எதுவும் இல்லை. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீமில் நடந்தது வேறு வகை. கவனிக்க நேரமில்லாத பராமரிப்பாளர், உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். வந்தவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற சார்பைச் சேர்த்து, அதன் வழியே கோபே என்ற பிட்காயின் பணப்பைச் செயலியிலிருந்து திருடும் நிரலைப் புகுத்தினார். 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற பேக்கேஜின் உரிமையாளரே அதற்குள் முடிவற்ற சுழற்சி ஒன்றை வைத்து வெளியிட்டார்.

2025 செப்டம்பர் 8 அன்று நடந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. என்பிஎம்மிலிருந்து வந்ததுபோல் தோற்றமளித்த போலி மின்னஞ்சலை நம்பி, மதிப்புக்குரிய பராமரிப்பாளர் ஒருவர் தம் கணக்கின் விவரங்களை இழந்தார். சாக், டீபக் முதலிய 18 பேக்கேஜ்களில் தீய நிரல் ஏறியது. அவை எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு இருநூறு கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்படுபவை. உலாவியில் நடக்கும் மறைகுறி நாணயப் பரிமாற்றங்களின் முகவரியை மாற்றுவது அந்த நிரலின் வேலை. இஸ்-அரேயிஷ் என்ற ஒன்றும் அந்தப் பதினெட்டில் அடக்கம். ஒரு மதிப்பு பட்டியல்போல் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

இவற்றை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேக்கேஜ் எவ்வளவு சிறிது என்பதற்கும் அதை நம்புவதால் வரும் ஆபத்துக்கும் தொடர்பே இல்லை. பத்து வரி பேக்கேஜும் பத்தாயிரம் வரி பேக்கேஜும் நம்மிடம் கேட்கும் அனுமதி ஒன்றுதான். லோடாஷ் அளவிலான ஒன்றை எடுத்தால் ஒரு குழுவை நம்புகிறோம். அதே வேலைக்கு நாற்பது குட்டிப் பேக்கேஜ்களை எடுத்தால் நாற்பது கணக்குகளை, நாற்பது கடவுச்சொற்களை நம்புகிறோம். எடையில் கிடைத்த சேமிப்பு அதற்கு ஈடாகாது. அந்தப் பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் ஊதியமின்றி இரவில் உழைப்பவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது; மேலே சொன்ன எந்த நிகழ்ச்சியும் அவர்களை இகழக் காரணமாகாது. அவர்கள் மீது இவ்வளவு பாரத்தைச் சுமத்திய நம் பழக்கத்தைத்தான் திருத்த வேண்டும்.

இந்த வகையை ஏற்கத்தக்க சூழல் ஒன்று உண்டு. ஃபங்ஷன் ஒன்றாக இருந்தாலும் அதன் உள்ளே உண்மையான நுணுக்கம் இருந்து, பேக்கேஜுக்குச் சொந்தச் சார்பு எதுவும் இல்லாமல், யார் பராமரிக்கிறார்கள் என்பது தெளிவாக இருந்தால் எடுக்கலாம். தனித்த அடையாள எண் உருவாக்கும் நானோஐடி அப்படிப்பட்டது. எடுத்த பிறகும், நிறுவிய பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்பை நிரலோடு சேர்த்துவைத்து, சர்வரில் அதன்படியே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையை மட்டும் பயன்படுத்த வேண்டும். என்பிஎம் கட்டளைக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியின் 10.16 பதிப்பு முதல், வெளியாகிக் குறிப்பிட்ட நேரம் கடக்காத பதிப்புகளை நிறுவ மறுக்கும் அமைப்பு வந்திருக்கிறது. தீய வெளியீடுகள் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே பிடிபட்டு நீக்கப்படுவதால், ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதே பெரும் பாதுகாப்பு.

## சொந்தக் கோப்பு

‘யூட்டில்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இல்லாத திட்டத்தை நான் பார்த்ததில்லை. நாமே எழுதுவதாலோ, திறந்த மூல நிரல் ஒன்றைப் படியெடுத்து ஒட்டுவதாலோ வெளியாரை நம்பும் பிரச்சினை அடியோடு நீங்கும். எடையும் நாம் வைப்பதுதான். எதையும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பட்டியலை சம அளவுத் துண்டுகளாகப் பிரிப்பது, ஒரு எண்ணை இரு எல்லைகளுக்குள் அடக்குவது, ஆப்ஜெக்டிலிருந்து சில புலங்களை மட்டும் பொறுக்குவது போன்றவற்றுக்கு இதுவே போதும். அந்த ஃபங்ஷன் என்ன செய்யும் என்பதை இரண்டு வாக்கியத்தில், விதிவிலக்கு எதுவும் சொல்லாமல் ஒருவரிடம் விளக்க முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால் நானே எழுதிக்கொள்வேன்.

டிபவுன்ஸ் அந்தச் சோதனையில் தேறாது, ஆனால் தேறியதுபோல் ஏமாற்றும். ஒரு கட்டுரைத் தொகுப்பியில் தட்டச்சு நின்று இரண்டு வினாடி கழித்து வரைவைத் தானாகச் சேமிக்க, ஐந்து வரியில் ஒரு டிபவுன்ஸ் எழுதி வைத்திருந்தோம். பல மாதங்கள் நன்றாகவே ஓடியது. பின்னர் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒருவர், இரண்டு வினாடி கூட கையை எடுக்காமல் நீண்ட நேரம் எழுதிக்கொண்டே போனார். ஒவ்வொரு விசையழுத்தமும் முந்தைய கெடுவை ரத்து செய்து புதிதாக எண்ணத் தொடங்கியதால், அவர் எழுதியது ஒருமுறை கூடச் சேமிக்கப்படவில்லை. மின்சாரம் போனது, அவர் எழுதிய அனைத்தும் போனது. எவ்வளவு தள்ளிப்போட்டாலும் இந்த நேரத்துக்குமேல் காத்திருக்கக் கூடாது என்று சொல்வதற்கு லோடாஷின் டிபவுன்ஸில் ‘மேக்ஸ்வெயிட்’ என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நிலுவையில் உள்ளதை உடனே நிறைவேற்ற ‘ஃப்ளஷ்’, கைவிட ‘கேன்சல்’ ஆகியவையும் உள்ளன. எங்கள் ஐந்து வரியில் மூன்றும் இல்லை. அவற்றைச் சேர்த்துச் சோதனை எழுதி முடித்தபோது அது லோடாஷின் ஃபங்ஷனைப் போலவே நீண்டிருந்தது.

பிறர் நிரலைப் படியெடுப்பவர்கள் மறக்கும் செலவுகள் இரண்டு. மூலத்தில் பின்னாளில் பாதுகாப்புப் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் ‘என்பிஎம் ஆடிட்’ நமக்கு அதைச் சொல்லாது, ஏனெனில் அந்த நிரல் நம்மிடம் இருப்பது அதற்குத் தெரியாது. அடுத்தது உரிமம்: லோடாஷ் வெளியாகியிருக்கும் எம்ஐடி உரிமம் தாராளமானதுதான் என்றாலும், நிரலின் கணிசமான பகுதியை எடுத்தால் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. கோப்பின் தலைப்பில் மூலத்தின் பெயரையும், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பதையும், உரிமத்தையும் எழுதிவிட்டால் இரண்டு கடனும் ஒருசேரத் தீரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மொழியில் இருப்பது | லோடாஷ் அல்லது இஎஸ்-டூல்கிட் | ஒற்றை ஃபங்ஷன் பேக்கேஜ் | சொந்தக் கோப்பு |
|---|---|---|---|---|
| மாறான உள்ளீட்டில் சரித்தன்மை | தரம் சொல்வது உறுதி. லோடாஷிலிருந்து வேறுபடும் | மிக நன்று | பேக்கேஜைப் பொறுத்தது | எழுதிய சோதனைகளின் அளவு |
| உலாவிக்குப் போகும் எடை | இல்லை | இறக்குமதி முறையைப் பொறுத்தது | குறைவு | மிகக் குறைவு |
| பராமரிப்பு | உலாவி, நோட் குழுக்கள் | லோடாஷில் மெதுவாக. மற்றதில் சுறுசுறுப்பாக | பெரும்பாலும் ஒருவர் | நாமே |
| நம்ப வேண்டியவர்கள் | புதிதாக யாரும் இல்லை | ஒரு குழு | பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் | யாரும் இல்லை |
| விலகும் செலவு | பொருந்தாது | பழக்கத்தால் ஏறும் | குறைவு | இல்லை |
| பொருத்தமான வேலை | வகைபிரித்தல், தட்டையாக்கல், புலம் தேடல் | டிபவுன்ஸ், ஆழ ஒப்பீடு, ஆழ இணைப்பு | அடையாள எண் போன்ற நுணுக்கத் தனி வேலை | துண்டாக்கல், எல்லையிடல், புலம் பொறுக்கல் |

## தமிழ் எழுத்துகளைக் கையாளும்போது

நம் வாசகர்களில் பலர் தமிழ்ப் பெயர்களும் தமிழ்ப் பொருட்பட்டியல்களும் ஓடும் செயலிகளை எழுதுவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துச் சரத்தை நீட்டவும் வெட்டவும் எடுக்கும் பயன்பாட்டு ஃபங்ஷன்கள் ஏறக்குறைய எல்லாமே, நாம் எழுத்து என்று கருதுவதை எண்ணுவதில்லை. உள்ளே சேமிக்கப்பட்ட குறியீட்டு அலகுகளை எண்ணுகின்றன. ‘கொத்தமல்லி’ நமக்கு ஆறு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு நீளம் 10. ‘மிளகு’ நமக்கு மூன்று, அதற்கு 5. ரசீது ஒன்றில் பெயர்ப் பத்தியைப் பத்து இடத்துக்கு நிரப்பச் சொன்னால், லெஃப்ட்-பேட் ஆனாலும் மொழியின் பேட்ஸ்டார்ட் ஆனாலும் கொத்தமல்லிக்கு ஒரு இடைவெளியும் சேர்க்காது, மிளகுக்கு ஐந்து சேர்க்கும், பத்தி கோணலாகிவிடும்.

வெட்டும்போது நடப்பது இன்னும் மோசம். லோடாஷின் ட்ரங்கேட், எமோஜிகளையும் லத்தீன் எழுத்தின் மேற்குறிகளையும் உடைக்காமல் காக்கும் அளவுக்குக் கவனமாக எழுதப்பட்டது. ஆனால் அது அடையாளம் காணும் ஒட்டுக்குறிகளின் பட்டியலில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் இல்லை. முடிவில் ‘...’ ஒட்டாதபடி அமைத்து ‘கொத்தமல்லி’யை ஒன்பது அலகில் வெட்டினால் கடைசி இகரக் குறி விழுந்து ‘கொத்தமல்ல’ என்று நிற்கும். ‘தமிழ்’ என்பதை நான்கில் வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ ஆகிவிடும்.

இங்கே மொழியில் இருப்பதே தெளிவாக வெல்கிறது. இன்டல்.செக்மென்டரைத் தமிழுக்கு அமைத்து எழுத்துக்கூட்டு அளவில் பிரிக்கச் சொன்னால் ‘தமிழ்’ மூன்றாகவும் ‘கொத்தமல்லி’ ஆறாகவும் வரும். ‘க்ஷ’ மட்டும் இரண்டாகவே எண்ணப்படும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எண்ணிக்கை சரியானாலும் அச்சில் எடுக்கும் அகலம் சரியாகிவிடாது, ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலமல்ல, ரசீது அச்சுக்கு எழுத்துருவின் அகலத்தையே அளக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் சரத்தை நார்மலைஸ் செய்து ஒரே சேமிப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதும் நல்லது, ஏனெனில் ‘கொ’ சில தட்டச்சு முறைகளில் ஒற்றை ஒகரக் குறியோடும், சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டையும் எந்தச் சமத்தன்மை ஃபங்ஷனும் வேறு வேறு என்றே சொல்லும்.

வரிசைப்படுத்தலிலும் இதே நிலைதான். குறியீட்டு எண் வரிசையில் ன என்பது ல-வுக்கு முன்னால் இருப்பதால், சார்ட்பையும் மொழியின் வெறும் சார்ட்டும் ‘வனம்’ என்பதை ‘வலம்’ என்பதற்கு முன்னால் வைக்கும். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. இன்டல்.கொலேட்டரைத் தமிழுக்கு அமைத்து ஒப்பிட்டால் ‘வலம்’ முதலில் வரும்.

## ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில்

லோடாஷை நீக்குவது என்று ஒரே நாளில் முடிவெடுத்து நூறு கோப்புகளை மாற்றாதீர்கள். எங்கள் தள்ளுபடிக் கதை அப்படித்தான் தொடங்கியது. முதலில் முழுத் தொகுப்பையும் இறக்குமதி செய்யும் வரிகளைத் தனித்தனி இறக்குமதியாக மாற்றுங்கள். நடத்தை மாறாது, எடை மட்டும் குறையும். அடுத்து மேப், ஃபில்டர் போன்றவற்றில், உள்ளீடு எப்போதும் பட்டியல்தான் என்று டைப்ஸ்கிரிப்ட் உறுதி சொல்லும் இடங்களை மட்டும் மொழிக்கு மாற்றுங்கள். கெட் ஃபங்ஷனைத் தொடுவதற்கு முன், அந்தப் புலத்தில் ‘நல்’ வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை எழுதுங்கள். டிபவுன்ஸ், குளோன்டீப், இஸ்ஈக்வல் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம் என்று நினைக்கும் நாளில் ‘என்பிஎம் எல்எஸ் லோடாஷ்’ என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். நாம் சேர்க்காத லோடாஷ், நாம் பயன்படுத்தும் வேறொரு கருவியின் சார்பாக மரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது வழக்கம். அது கட்டமைப்புக் கருவிக்குள் மட்டும் இருந்தால் பயனரின் உலாவிக்குப் போகாது, பொறுத்துக்கொள்ளலாம். உலாவிக்குப் போகும் பேக்கேஜுக்குள் இருந்தால், நம் கையால் எழுதிய மாற்றங்கள் ஒரு கிலோபைட்டையும் குறைக்கவில்லை என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது அந்தப் பேக்கேஜை.